கிழக்குக் கரையில் என்னைப் பற்றி விசாரித்தவர்

ஆகஸ்ட் 18, திங்கள்

வேறு யாராவது சொல்லி உனக்குத் தெரிவதைவிட நானே சொல்லிவிடுவது மரியாதை. என்னால் மண்புழுவைத் தொட முடியாது. வயது நாற்பத்தொன்பது. தினம் தூண்டில் போடுகிறவன். எரிந்துபோன மோட்டாருக்குள் கையை விட்டு எலிக்குஞ்சை எடுத்துப் போட்டவன். ஆனால் ஒரு புழு நெளிந்தால் கூடவே நானும் நெளிகிறேன். ஆகையால் என் தூண்டிலுக்கு இரை பரோட்டா. ஓட்டலில் மீந்ததை வாங்கி, தண்ணீர் தெளித்துப் பிசைந்து, கோலிக்குண்டு மாதிரி உருட்டி டிபன் பாக்ஸில் எடுத்துக்கொண்டு போவேன். ஆறுச்சாமி தினமும் கேட்பான், "குருமா எங்கப்பா? மீனெல்லாம் கேக்குது."

ஆறுச்சாமி என் கூட்டாளி. முப்பது வருசம் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவன். பஸ்ஸில் டிரைவரோடு பேசாதே என்று எழுதியிருப்பதை அவன் வாழ்க்கைக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டான். ஒரு மத்தியானத்துக்கு நாலு வார்த்தை. அதில் ஒன்று குருமா.

எரிந்த மோட்டாருக்குக் காயில் கட்டுவது என் தொழில். இந்த டைரி காயில் கம்பி விற்கும் ஆள் ஜனவரியில் கொடுத்தது. சும்மா கிடந்தது. வீட்டில் பேசக் கூடாது என்று எனக்கு இன்று தடை போட்டுவிட்டார்கள். அதனால் இதில் பேசுகிறேன். ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன், எழுத்தில் கோணல் இருந்தால் தலையைச் சாய்த்துப் படித்துக்கொள்.

தடைக்குக் காரணம், என் மகள் கோகிலவாணிக்கு ஒரு ஜாதகம் பொருந்தியிருக்கிறது. காங்கேயம். பையன் பேங்கில் வேலை. பெயர் லோகநாதன். இதுவரை வந்த போட்டோக்களைக் கோகிலா கரண்டு பில்லைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு வைத்துவிடுவாள். இந்தப் போட்டோவை மட்டும், "இங்கதானுங்ம்மா வெச்சிருந்தேன், யாரு எடுத்தது?" என்று தேடினாள். அது அவளுடைய ஹேண்ட்பேக்கிலேயே இருந்தது. அவள்தான் வைத்திருக்கிறாள்.

என் வீட்டுக்காரி பூவாத்தாள் என்னை நிற்க வைத்துச் சொன்னாள். "விசாரிச்சுட்டுச் சொல்றோம்னு சொல்லியிருக்காங்க. ஊருக்குள்ள வந்து நாலு பேருகிட்டக் கேப்பாங்க. அதுவரைக்கும் அந்த வாயைக் கொஞ்சம் கட்டி வைங்க. கண்டவங்களை வம்புக்கு இழுக்கறது, பட்டப்பேரு வெக்கறது, ஒண்ணும் ஆகாது. புள்ளை ஆசைப்பட்டிருக்கறா."

"நான் யாரைப் புள்ள வம்புக்கு இழுத்தேன்?"

"தரகரைப் பாத்து, நீங்க கட்டி வெச்ச ஜோடியில எத்தனை உசுரோட இருக்குதுன்னு கேட்டீங்களே."

அது தெரிந்துகொள்ளக் கேட்டது.

காங்கேயத்துக்கு இங்கிருந்து மூன்று பஸ் மாற வேண்டும். சும்மா எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

விசாரிக்க வருகிறவன் எங்கே விசாரிப்பான்? டீக்கடையில். உலகம் முழுக்க அதுதான் வழக்கம். காலையிலேயே போய் டீக்கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன். "யாராச்சும் வெளியூருக்காரன் வந்து என்னைப் பத்திக் கேட்டா, மாரப்பன் பத்தரைமாத்துத் தங்கம், வாயைத் தொறந்தா ஒரு கெட்ட வார்த்தை வராதுன்னு சொல்லோணும்."

"பால் அடுப்புல இருக்குதுங்க. அத்தனை பொய் சொன்னாத் திரிஞ்சுரும்."

"திரிஞ்சாப் பன்னீருனு வித்துக்க."

மளிகைக்கடையிலும் கோயில் பூசாரியிடமும் அதையே சொல்லிக்கொடுத்தேன். பூசாரி இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். இனி எவன் வந்தாலும் கவலை இல்லை.

மத்தியானம் கரண்டு போனது. கடையைப் பூட்டிவிட்டுக் குட்டைக்குப் போனேன். ஜிலேபி மீன் மூன்று, கெளுத்தி ஒன்று. எல்லாவற்றையும் திரும்ப விட்டுவிட்டேன். பூவாத்தாள் குட்டை மீனைச் சட்டியில் ஏற்ற மாட்டாள். சேற்று வாடை அடிக்கிறதாம்.

ஆகஸ்ட் 20, புதன்

கெட்ட செய்தி. குட்டையை இந்த வருசம் வெளியூர்க்காரர் ஒருவர் மூன்று வருசக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். மீன்குஞ்சு விட்டிருக்கிறார். இனி வீட்டுக் குழம்புக்கு மீன் வாங்க வழி இல்லாதவர்கள் மட்டும் தூண்டில் போடலாமாம். விற்கிறவனும் பொழுதுபோக்குக்கு உட்காருகிறவனும் பிடிபட்டால் தூண்டிலைப் பிடுங்கிக்கொண்டு, குத்தகை முடிகிற வரைக்கும் கரையிலேயே ஏற விடமாட்டார்களாம். ஆறுச்சாமி கேள்விப்பட்டு வந்து சொன்னான். நாலு வார்த்தைக்கு மேலே ஆனதால் விசயம் பெரிது என்று எனக்குப் புரிந்தது.

"ஆளு உட்டுப் பாப்பாங்களாம். வெளியூரு ஆளு. மொகம் தெரியாதவனா."

"உனக்கென்ன பயம்? உன்ற வீட்டுல கொளம்பு வெக்கறாங்க."

"உன்ற வீட்டுல வெக்கறதில்லையே" என்றான்.

அதுதான். மூன்று வருசம் மத்தியானத்தில் நான் எங்கே போய் உட்காருவது? ஆறுச்சாமி உட்காருவது மேற்குக் கரை. அங்கே வேலமரத்து நிழல், மீனும் அதிகம். நான் கிழக்குக் கரையில் வெயிலில் உட்காருவேன். காற்றோட்டம் நன்றாக இருக்கும். பக்கத்திலேயே ரோடு. கோகிலா லேப் வேலை முடிந்து மூன்றரைக்கு ஸ்கூட்டியில் அந்த வழியாகத்தான் வருவாள், இரண்டு தரம் ஹாரன் அடித்துவிட்டுப் போவாள். ஆனால் நான் அங்கே உட்காருவது காற்றோட்டத்துக்காக.

ஆகஸ்ட் 21, வியாழன்

வந்துவிட்டான்.

மத்தியானம் நல்ல அமைதி. தண்ணீர் எண்ணெய் ஊற்றியது போல அசையாமல் கிடந்தது. பழைய ரப்பர் செருப்பை வெட்டிச் செய்த என் தக்கை மேல் ஒரு தட்டான் வந்து உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்தது. எதிர்க்கரையில் ஆறுச்சாமி மரத்தோடு மரமாக இருந்தான். எனக்குக் கண் சொருகும் நேரத்தில் பின்னால் தொண்டையைச் செருமும் சத்தம்.

என் வயது ஆள். பேண்டு, முழுக்கைச் சட்டை. கையில் புதுத் தூண்டில், விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை.

"ஏனுங்ணா, இங்க உக்காரலாமுங்ளா?"

"குட்டை நம்ம பாட்டன் சொத்துங்களா? உக்காருங்."

உட்கார்ந்து, தூண்டிலை வீசினார். வெறும் முள். நான் கொஞ்ச நேரம் பார்த்தேன்.

"இரை போடலீங்ளா?"

"போடோணுமுங்ளா?"

சந்தேகமே இல்லை. மீன் பிடிக்க வந்தவன் இப்படிக் கேட்பானா? ஆள் பிடிக்க வந்தவன்தான் கேட்பான். மேற்குக் கரையைப் பார்த்து ஆறுச்சாமிக்குக் கண்ணைக் காட்டினேன். அவன் பார்க்கவில்லை.

வந்தவர் பெயர் சென்னியப்பன் என்றார். கொஞ்ச நேரம் மழை, மஞ்சள் விலை என்று சுற்றிவிட்டு, மெதுவாகக் கேட்டார். "இந்த ஊருல மாரப்பன்னு ஒருத்தரு, மோட்டாருக்குக் காயில் கட்டறவரு, தெரியுமுங்ளா?"

பெயரோடு வந்திருக்கிறான்! எவனோ போட்டுக்கொடுத்திருக்கிறான். யார் என்று மனதுக்குள் ஊரையே வரிசையாக நிறுத்திப் பார்த்தேன், எல்லோர் முகத்திலும் கள்ளக்களை தெரிந்தது.

"தெரியாம என்னுங்? பக்கத்து வீடு."

"உங்க பேருங்?"

"ஆறுச்சாமிங்."

எதிர்க்கரையில் ஆறுச்சாமி இருமினான்.

"அவரு பொழப்பெல்லாம் எப்பிடிங்?"

வீட்டுக் குழம்புக்கு இல்லாதவன் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதானே? "அதை ஏனுங் கேக்கறீங்க? காயில் கட்டறேன்னு நல்லா ஓடற மோட்டாரைக் கெடுத்துத் தருவானுங். கடை பாதி நாளு பூட்டித்தான் கெடக்கும். இந்தக் குட்டையில ரெண்டு மீன் சிக்குனா அன்னிக்கு அடுப்பு எரியுமுங்."

"அப்பிடீங்ளா!" அவர் உச்சுக்கொட்டினார். அவர் உச்சுக்கொட்டியதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. இது என் வியாதி. யாராவது வாயைப் பிளந்து கேட்டால் நிறுத்தத் தெரியாது.

"வீட்டுல ஒரு பொண்ணு இருக்குதாமுங்களே?"

குத்தகைக்காரர் கெட்டிக்காரர். எந்தெந்த வயிற்றுக்கு மீன் போகிறது என்று வீட்டில் தலை எண்ணுகிறார். "இருக்குதுங். மீன் கொளம்பு இல்லாட்டிச் சோத்துத் தட்டு பறக்குமுங். அந்த வீட்டுல நெளியாத பாத்திரமே கெடையாது."

அப்போதுதான் ரோட்டில் ஸ்கூட்டி வந்தது. இரண்டு ஹாரன். நான் மாரப்பன் இல்லை, ஆறுச்சாமி. அதனால் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்சமாகத்தான் பார்த்தேன்.

சென்னியப்பனும் பார்த்தார்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

இன்றும் வந்தான். வேறு சட்டை. நானாகவே இரண்டு பரோட்டா உருண்டை கொடுத்தேன். வேவு பார்க்கிற ஆளாக இருந்தாலும் வெறும் முள்ளைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் காணச் சகிக்கவில்லை.

"மாரப்பனுக்குக் குடிப்பழக்கம் உண்டுங்ளா?"

யோசித்தேன். குடிக்கிறவன் வீட்டில் எப்படிக் காசு நிற்கும்? ஏழை என்பது உறுதியாகும். "காலைல பல்லு வெளக்கறதே அதுலதானுங்."

அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறார்போல என்று நினைத்தேன். வேவு ஆளுக்கு இவ்வளவு இளகிய மனசா? ஒருவேளை நடிப்போ?

"பொண்ணு கொணம் எப்பிடிங்?"

நேற்றைய தட்டை இன்னும் நாலு தட்டாக ஆக்கலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். ஆனால் அந்த நேரம் காற்று அப்படி இருந்தது. மீன்கொத்தி ஒன்று கம்பி மேலிருந்து விழுந்தது போலத் தண்ணீரில் பாய்ந்து, எடுத்துக்கொண்டு போனது. வாயில் வேறு வந்துவிட்டது.

"அப்பனை அவகூடச் சேத்தாதீங்க. அது ரத்தம் டெஸ்ட்டு பண்ற லேப்புல வேலை செய்யுதுங். யாருக்காச்சும் ரிசல்ட்டு மோசமா வந்தா, சீட்டைக் கையில குடுக்கறதுக்கு முந்தி, சாப்பிட்டீங்ளான்னு கேக்குமுங். சாப்பிடலீன்னா, போயிச் சாப்பிட்டுட்டு வாங்க, இன்னும் ரெடியாகலீம்பா. வெறும் வகுத்துல கெட்ட சேதி கேக்கக் கூடாதாமா."

நான் சுதாரித்துக்கொண்டு, "தட்டு பறக்கறது வேற விசயமுங்" என்றேன்.

இன்று ஒரு மீனும் கடிக்கவில்லை. ஆனால் மத்தியானம் போனதே தெரியவில்லை.

ஆகஸ்ட் 23, சனி

சென்னியப்பனுக்கு முதல் மீன். உள்ளங்கை அளவு ஜிலேபி. அவர் போட்ட கூச்சலில் ஆறுச்சாமி எதிர்க்கரையில் எழுந்தே நின்றுவிட்டான்.

மீனைத் துணிப்பையில் போட்டு என்னிடம் நீட்டினார். "இதை அந்த மாரப்பன் வீட்டுல குடுத்துருங்ணா. பாவம், தட்டாச்சும் மிஞ்சட்டும்."

இவ்வளவு நல்லவனை எப்படி வேவு வேலைக்கு வைத்தார்கள்? ஏதோ உள்குத்து இருக்கிறது. பைக்குள் அடையாளம் ஏதாவது வைத்திருக்கிறானா என்று திருப்பிப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

கிளம்பும்போது ஸ்கூட்டி வந்தது. ஹாரன் கேட்டது. அது திரும்பி மறைகிற வரைக்கும் அவர் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கேட்டார்.

"ஏனுங்ணா, அந்தப் பொண்ணை வெளியூருல கட்டிக் குடுக்கோணும்னா, மாரப்பனுக்கு மனசு வருமுங்ளா?"

"வராதுங்" என்றேன்.

மீனுக்கும் இந்தக் கேள்விக்கும் என்ன சம்பந்தம் என்று வீட்டுக்கு வரும் வழியில்தான் யோசித்தேன். நான் ஏன் பட்டென்று அப்படிச் சொன்னேன் என்றும் யோசித்தேன். சாப்பிடுகிற ஆள் குறைந்தால் குழம்புக் கணக்கு இடிக்கும் என்று நினைத்திருப்பேன். வேறொன்றுமில்லை.

மீனைப் பூவாத்தாள் பூனைக்குப் போட்டாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வரவில்லை. பரோட்டா இரண்டு உருண்டை கூடுதலாக எடுத்துப் போயிருந்தேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

சாயங்காலம் தரகர் போன் பண்ணினார். பூவாத்தாள் ஸ்பீக்கரில் போட்டாள். "அம்மிணி, தப்பா நெனச்சுக்காதீங்க. பையனோட தாய்மாமன் உங்க ஊருக்கே வந்து மூணு நாளு விசாரிச்சுட்டுப் போயிருக்காரு. பொண்ணைக் கொறை சொல்லலீங். ஆனா அப்பன் குடிகாரன், வேலைவெட்டி இல்ல, வீட்டுல அடுப்பு எரியறதில்ல, சண்டைல தட்டு பறக்குதுன்னு கேள்விப்பட்டாங்களாம். வேண்டாம்னு விட்டுட்டாங்க."

"எந்த நாசமாப் போறவன் சொன்னான்?"

"குட்டைக் கரையில ஆறுச்சாமின்னு ஒருத்தருங்களாம். பக்கத்து வீடாமா."

எனக்கு உட்கார்ந்த இடம் கொஞ்சம் கீழே இறங்கியது போல இருந்தது.

பூவாத்தாள் திட்ட ஆரம்பித்தாள். அவன் நாக்கு அழுகிப் போக வேண்டும், அவன் தூண்டில் அவன் தொண்டையிலேயே மாட்ட வேண்டும், அவனும் ஒரு பெண்ணைப் பெற்றிருந்தால்தானே தெரியும் என்று. நானும் கூடச் சேர்ந்து இரண்டு வார்த்தை திட்டினேன். திட்டாமல் இருந்தால் சந்தேகம் வரும்.

கோகிலா சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். ஹேண்ட்பேக்கிலிருந்து போட்டோவை எடுத்து, வந்த கவரிலேயே போட்டு, பசை தடவி ஒட்டினாள். "தரகரு வந்தாத் திருப்பிக் குடுத்துருங்கம்மா" என்றாள். அழவில்லை. டிவி பார்க்க உட்கார்ந்தாள். கரண்டு இல்லை என்பதை அவள் கவனிக்கவே இல்லை.

ஆகஸ்ட் 27, புதன். பிள்ளையார் சதுர்த்தி

கொழுக்கட்டை நன்றாக இருந்தது.

பூசை முடிந்த கையோடு பூவாத்தாள் ஆறுச்சாமி வீட்டுக்குப் போய்விட்டாள். தடுக்கலாம் என்று எழுந்தேன், செருப்பு கிடைக்கவில்லை. கொஞ்சம் மெதுவாகத் தேடினேன்.

அவள் போட்ட சத்தம் நாலு வீடு தாண்டி இங்கேயே கேட்டது. நடுவில் ஒரு நிமிடம் சத்தமே இல்லை. அப்போது ஆறுச்சாமி பேசியிருக்கிறான். என்ன பேசினான் என்பதை அவள் திரும்பி வந்ததும் என் முன்னால் நின்று அப்படியே சொன்னாள். "'தாயி, நான் மேக்குக் கரை. கெழக்குக் கரையில தெனம் யாரு உக்காருவாங்கன்னு உனக்குத் தெரியாதா?' அப்பிடிங்கறாரு."

"இன்னொரு கொழுக்கட்டை இருக்குதா புள்ள?" என்று கேட்டேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

நேற்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். குத்தகை, வேவு ஆள், பெயர் மாற்றியது எல்லாம். பூவாத்தாள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். எழுந்து உள்ளே போய்விட்டாள். இருபத்தாறு வருசத்தில் என்னைத் திட்டாமல் போனது இதுதான் முதல் தடவை.

காலையில் ஆறுச்சாமி கடைக்கு வந்தான். ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"எம் பேரு எதுக்குடா?"

"சட்டுனு அதுதான் வந்துச்சு. எதுத்தாப்பல நீதான் இருந்தே."

தலையாட்டினான். வெகுநேரம் என் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அந்தாளு குத்தகைக்காரன் ஆளுன்னு நெசமாவே நெனச்சயா?" என்றான்.

"பின்ன?"

"மூணு நாளுமா?"

ஒரு டேபிள் ஃபேன் வந்திருந்தது, தண்டைத் தாங்குகிற புஷ் தேய்ந்திருந்தது. அதைக் கழற்றினேன். அவன் போய்விட்டான். காயில் நன்றாகத்தான் இருந்தது, புஷ் மட்டும்தான்.

சாயங்காலம் கோகிலா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, நான் போறது உங்களுக்குப் புடிக்கலீங்ளா?"

"நீ போயிட்டா இங்க தட்டெல்லாம் யாரு அம்மிணி பறக்க விடறது?"

அவள் சிரிக்கவில்லை. எப்போதும் சிரிப்பாள். நான் சொல்கிற மோசமான ஜோக்குக்கும் இந்த வீட்டில் சிரிக்கிற ஒரே ஆள் அவள்தான். "கேட்டதுக்குப் பதில் சொல்லுங்கப்பா" என்றாள்.

போன் அடித்தது போல இருந்தது. எடுத்துப் பார்த்தேன். அடிக்கவில்லை. நிமிர்ந்தபோது அவள் எழுந்து போயிருந்தாள்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

தக்கைக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்தேன். குட்டைக்குப் போகவில்லை.

ஆகஸ்ட் 30, சனி

யாரிடமும் சொல்லாமல் காங்கேயம் போனேன். தரகரிடம் அந்தத் தாய்மாமனின் விலாசம் வாங்கிக்கொண்டேன். மூன்று பஸ். இரண்டாவதில் நின்றுகொண்டே போனேன்.

சென்னியப்பன் எண்ணெய் மில் வைத்திருக்கிறார். வீடு மில்லுக்குப் பின்னால். கதவைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"வாங்க ஆறுச்சாமி" என்றார். "காப்பி குடிக்கறீங்ளா? இல்ல பல்லு வெளக்க ஏதாச்சும் வேணுமுங்ளா?"

"நான் ஆறுச்சாமி இல்லீங்."

"தெரியுமுங். மொத நாளே தெரியும்."

உட்கார வைத்தார். மின்விசிறி ஒரு மாதிரி இழுத்து இழுத்துச் சுற்றியது. பேரிங் போயிருக்கும், ஆனால் அது இப்போது பேச வேண்டிய விசயம் இல்லை என்று அடக்கிக்கொண்டேன்.

அவரே சொன்னார். "மொதல்ல டீக்கடைக்குத்தானுங் போனேன். மாரப்பன் பத்தரைமாத்துத் தங்கம், வாயைத் தொறந்தா ஒரு கெட்ட வார்த்தை வராதுன்னாரு. சரின்னு மளிகைக்கடையில கேட்டேன். பத்தரைமாத்துத் தங்கம், வாயைத் தொறந்தா ஒரு கெட்ட வார்த்தை வராது. கோயில்ல பூசாரி கேக்கறதுக்கு முந்தியே ஆரம்பிச்சுட்டாரு. எனக்குச் சந்தேகம் வந்துருச்சுங். உங்க கடைக்குப் போனா பூட்டியிருக்குது. மேல போர்டுல, கூலிங்கிளாஸ் போட்டுட்டு, கையில மோட்டாரைத் தூக்கிப் புடிச்சுட்டு, ஆளுயரத்துக்கு நிக்கறீங்க. மத்தியானம் குட்டைலதான் இருப்பாருன்னு பக்கத்துக் கடையில சொன்னாங்க. வந்தா அதே ஆளு, கூலிங்கிளாஸ் மட்டும் இல்ல. பேரைக் கேட்டா ஆறுச்சாமிங்கறீங்க."

"அத்தனையும் பொய்யின்னு தெரிஞ்சும் எதுக்குங் வீட்டுல அப்பிடியே சொன்னீங்க?"

"பொய்யா இருந்தா என்னுங்? ஒரு அப்பன் மூணு நாளா தன்னையே கேவலமாப் பேசறாரு. எதுக்குப் பேசுவாரு? பொண்ணு குடுக்க மனசில்ல. வேண்டாம்னு நேராச் சொன்னா எங்களுக்கு மரியாதைக் கொறச்சலுன்னு சுத்தி வளச்சுச் சொல்றாரு. நம்ம பக்கமெல்லாம் வேண்டாம்னு யாருங் வாயால சொல்லுவா? ஜாதகம் கொஞ்சம் இடிக்குதும்போம், சாமிகிட்டப் பூ கேட்டோம் வரலீம்போம். நீங்க உங்களையே இடிச்சுட்டீங்க. எத்தனை பெருந்தன்மைன்னு நானும் மரியாதையா வெலகிட்டேன்."

நான் குத்தகைக் கதையைச் சொன்னேன். வேவு ஆள் என்று நினைத்ததைச் சொன்னேன். அவருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்று குட்டைக் கரையில் தோள் குலுங்கியது எதனால் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரிப்பில்லாமல் என்னைப் பார்த்தார்.

"சரிங். ஆனா கடைசி நாளு நேராவே கேட்டேன், மனசு வருமான்னு. வராதுன்னீங்க. நீங்க சொன்னதுல அது ஒண்ணுதான் எனக்குப் பொய்யாத் தெரியலீங். ஹாரன் கேட்டதும் தக்கை முங்கறதுகூட உங்களுக்குத் தெரியலீங்."

ஏதாவது கிண்டலாகச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. எப்போதும் நாலைந்து தயாராக இருக்கும். மில்லில் செக்கு சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

"மூணு பஸ்ஸுங்" என்றேன்.

"என்னதுங்?"

"எங்க ஊருலருந்து இங்க வர மூணு பஸ்ஸு மாறோணுங். அதுதானுங். வேற ஒரு கொறையும் இல்லீங்."

அவர் காப்பி டம்ளரைத் தள்ளி வைத்தார். பிறகு, "எம் பொண்ணைக் குடுத்திருக்கறது ஆனைமலைக்கு அந்தாண்டைங். நாலு பஸ்ஸு" என்றார்.

இரண்டு பேரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"பொண்ணு ஆசைப்படுதுங்" என்றேன். "எனக்கும் மனசு இருக்குதுங். இருக்குதுன்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். முந்தி சொன்னதைத் தண்ணியில போட்டுருங்க."

அவர் எழுந்து உள்ளே பார்த்து, "இன்னொரு காப்பி" என்று குரல் கொடுத்தார். என்ன முடிவு என்று சொல்லவில்லை. கிளம்பும்போது மட்டும், "உங்க வீட்டுல தட்டு எத்தனைங் மிச்சம் இருக்குது? நாங்க அஞ்சு பேரு வந்தாப் பத்துமுங்ளா?" என்று கேட்டார்.

திரும்பி வர இரண்டே பஸ்தான் ஆனது. ஒன்று நேராக வந்துவிட்டது. இதைப் பூவாத்தாளிடம் சொன்னேன். கோகிலா கேட்கிற மாதிரி கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். அவள் வெளியே வரவில்லை. ஆனால் டிவி மேல் இருந்த கவரைக் கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தபோது கிழிந்திருந்தது, உள்ளே போட்டோ இல்லை.

செப்டம்பர் 1, திங்கள்

ஆறுச்சாமியிடம் மன்னிப்புக் கேட்டேன். "எம் பேருல நல்லதாவும் ஏதாச்சும் சொல்லு" என்றான். பூவாத்தாள் அவன் வீட்டுக்கு ஒரு சட்டி பணியாரம் கொடுத்தனுப்பினாள். எனக்கு ஆறு.

குத்தகைக்காரர் ஆள் இன்றுவரை வரவில்லை. ஆனாலும் புதிதாக யார் வந்து உட்கார்ந்தாலும் அவர் பெயரை முதலில் நான் கேட்டுவிடுகிறேன்.

செப்டம்பர் 4, வியாழன்

வந்தார்கள். பையன், அவனுடைய அப்பா, அம்மா, அத்தை, சென்னியப்பன். ஐந்து தட்டும் நெளியாமல் இருந்தன. அத்தைக்காரி ஒன்றைத் தூக்கி அடியில் திருப்பிப் பார்த்ததை நான் பார்த்தேன்.

பூவாத்தாள் எனக்கு இரண்டே இரண்டு வார்த்தைதான் அனுமதித்திருந்தாள்: வாங்க, சாப்பிடுங்க. இரண்டையும் பல தடவை சொன்னேன். பையன் போட்டோவைவிடக் கொஞ்சம் ஒல்லி. கோகிலாவும் அவனும் பின்பக்கம் போய் நின்று பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று தெரியாது. ஒரு தடவை அவள் சிரித்தது கேட்டது. நல்ல சிரிப்பு. என் ஜோக்குக்குச் சிரிக்கிற சிரிப்பு வேறு, இது வேறு.

உப்புச் சர்க்கரை மாற்றி நிச்சயம் பண்ண நாள் குறித்துவிட்டுத்தான் கிளம்புவது என்று முடிவாகிவிட்டது. ஆனால் ராகு காலம். மூன்று மணிக்கு மேல்தான் வாயால் சொல்ல வேண்டும் என்று பையனின் அப்பா சொல்லிவிட்டார். எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். சென்னியப்பன் என் பக்கம் சாய்ந்து, "சம்மந்தி, அதுவரைக்கும் குட்டைக்கு ஒரு எட்டுப் போயிட்டு வரலாமுங்ளா?" என்றார்.

சம்மந்தி என்றார். எனக்கு அனுமதித்திருந்த இரண்டு வார்த்தையை மீறி, "போலாமுங்" என்றேன்.

கரையில் ஆறுச்சாமி ஏற்கெனவே இருந்தான், இன்று எங்கள் பக்கம் வந்து உட்கார்ந்தான். மூன்று பேரும் தூண்டிலைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். வெயில் இருந்தது, சுடவில்லை. ஒரு நீர்க்கோழி குஞ்சுகளோடு கோரைக்குள் போனது. சென்னியப்பன் இன்று பட்டுக்கரை வேட்டி கட்டி வந்திருந்தார். சரிவில் பார்த்து உட்காரச் சொன்னேன்.

அவருடைய தக்கை ஒரே முங்கு முங்கியது. பெரிய மீன், கம்பு வளைந்துவிட்டது. அவர் எழுந்து நின்று இழுத்தார். மீனும் இழுத்தது. செருப்பு வழுக்கி, உட்கார்ந்தவாக்கிலேயே குட்டைக்குள் இறங்கினார். இடுப்பளவு தண்ணீர்தான். நானும் ஆறுச்சாமியும் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்துத் தூக்கினோம். அவர் வந்துவிட்டார். வேட்டி வரவில்லை. கொஞ்ச நேரம் குட்டை நடுவில் வெள்ளையாக விரிந்து மிதந்தது, பிறகு முங்கிவிட்டது. மீனும் போய்விட்டது.

என் துண்டைக் கொடுத்தேன். அதைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, மணி மூன்று தாண்டியதும், எல்லோருக்கும் நடுவில் உட்கார்ந்து, உப்புச் சர்க்கரை அடுத்த வியாழக்கிழமை என்று அவர்தான் நாள் சொன்னார்.

துண்டு சிறியது.